முன்னோடிகளும் தூர ஓட்ட விதிகளும்

நெடுந்தூரம் ஓடுகின்றவன் காற்றைக் கிழித்துக்கொண்டே ஓட வேண்டியவன். வேறொருவன் முன்னே ஓடுவானாயின் அவனுடைய முதுகின் பின்னால் ஒதுங்கி ஓடுதல் எளிது. அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. எவ்வளவு வேகத்தில் ஓடுவது என்னும் கவலையை முன்னே செல்பவனின் தலையிற் சுமத்திவிட்டு, தான் கால்களை மட்டும் இயக்கிக்கொண்டிருக்கலாம். இதன் பொருட்டே பெரும் போட்டிகளில் ஊதியம் கொடுத்துச் சிலரை முன்னே ஓட விடுகின்றனர். ஆங்கிலேயர் இவர்களைப் பேஸ்மேக்கர் என்பர். நாம் முன்னோடிகள் என்று வழங்குவோம். இவர்களுடைய துணை நேர்மையானதா என்னும் வழக்கு நேற்று இன்று எழுந்ததன்று.

1953ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள், இங்கிலாந்தின் மொற்ஸ்பர் பார்க் மைதானத்தில் ரொஜர் பனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 2 செக்கனில் ஓடினார். அவருடைய நண்பர் கிறிஸ் பிறாஷர் அதே ஓட்டத்தில் வேண்டுமென்றே மெல்ல ஓடி, ஒரு சுற்றுப் பின்தங்கி, பனிஸ்டர் நெருங்கி வந்ததும் அவருக்குத் துணையாகி ஊக்கினார். பிரித்தானிய மெய்வல்லுநர் சபை இந்நேரத்தைச் சாதனையாக ஏற்க மறுத்துவிட்டது. மறுஆண்டு மே 6ஆம் நாள் ஒக்ஸ்போட்டில், அதே பிறாஷரும் கிறிஸ் சற்றவேயும் தொடக்கத்திலிருந்தே உடன் ஓடி மாறி மாறி முன்னே சென்றனர். பனிஸ்டர் 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார். உலகமே அதை ஏற்றுக்கொண்டது. இரண்டும் திட்டமிட்ட துணையே. ஆயினும் பின்தங்கிக் காத்திருப்பவன் போட்டியாளன் அல்லன் என்பது சபையின் கருத்து. பாடசாலை விளையாட்டுப் போட்டியிலே, தம் பிள்ளையோடு கயிற்றுக்கு வெளியே கூடவே ஓடிக் குரல் கொடுக்கும் தகப்பனாரை நாம் விலக்குவதும் இந்த நியாயம் பற்றியே. (அவர் மூன்று அடி ஓடியதும் மூச்சிரைத்து நின்றுவிடுவதால் விதி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.)

2019 ஒக்டோபர் 12ஆம் நாள் வியன்னா நகரில் கெனியரான எலியுட் கிப்சோகே மரதன் தூரத்தை 1 மணித்தியாலம் 59 நிமிடம் 40 செக்கனில் ஓடியதும் இவ்வகையால் சாதனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. 41 முன்னோடிகள் அணி அணியாக மாறி மாறி அவரைச் சூழ்ந்து ஓடினர். அது போட்டியும் அன்று.

வழக்கு மிகவும் சிக்கலானது பெண்களின் மரதன் ஓட்டத்திலேதான். ஆண்கள் ஓடும்போது முன்னோடி அநேகமாக 30 கிலோமீற்றர் அளவில் விலகிவிடுகின்றான். உலகின் அதிவேக ஓட்டக்காரனுக்குக் கடைசிவரை முன்னே ஓடத்தக்க ஒருவனை எங்கே தேடுவது? பெண்ணுக்கோ, அவளினும் விரைவாக ஓடும் ஆண்கள் பலர் உளர். அவர்களுள் ஒருவன் எல்லைக்கோடுவரை காற்றை மறைத்துக்கொண்டு செல்லலாம். பிரித்தானியாவின் போலா ரட்கிளிப் 2003இல் இலண்டனில் ஆண் முன்னோடிகளுடன் 2 மணித்தியாலம் 15 நிமிடம் 25 செக்கனில் ஓடினார். 2005இல் அதே நகரில் பெண்கள் மட்டுமே ஓடிய ஓட்டத்தில் அவருக்கு 2 மணித்தியாலம் 17 நிமிடம் 42 செக்கன் சென்றது.

2011இல் உலக மெய்வல்லுநர் சங்கம், பெண்கள் மட்டும் ஓடும் ஓட்டத்தின் நேரமே இனி உலக சாதனை என விதித்தது. அவ்விதியின்படி ரட்கிளிப்பின் 2003ஆம் ஆண்டு நேரம் சாதனை என்னும் பெயரை இழக்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே சங்கம் அச்சாதனை நிலைக்கும் என்று கூறிற்று. பின்னர் கலப்பு ஓட்டம், பெண்கள் மட்டும் ஓட்டம் என இரு பட்டியல்கள் வகுக்கப்பட்டன.

இருவகை ஓட்டத்தையும் பிரித்தறிந்த சங்கத்தின் நோக்கத்தில் எனக்குக் குறை தோன்றவில்லை. ஓடிய நாளில் முறையாயிருந்ததை எட்டு ஆண்டு கழித்து முறையன்று எனல்தான் பொருந்தாது. பரீட்சை எழுதி முடித்த மாணவியின் புள்ளிகளைப் புதிய பாடத்திட்டத்தைக் காட்டிக் குறைக்க எந்த ஆசிரியரும் துணியார். அன்றியும், பெருநகர வீதிகளில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே ஓடும் வழக்கம் பெண்கள் விரும்பி ஏற்படுத்தியதன்று. ஓட்டத்தை நடத்துவோரின் வசதி அது.

இரு பட்டியலின் இடைவெளியை எதியோப்பியப் பெண்மணி டிகிஸ்ற் அசெபா ஒருவரே காட்டிவிட்டார். 2023இல் பேர்லினில் ஆண்களும் உடன் ஓட, 2 மணித்தியாலம் 11 நிமிடம் 53 செக்கன். 2025இல் இலண்டனில் பெண்கள் மட்டும் ஓட, 2 மணித்தியாலம் 15 நிமிடம் 50 செக்கன். இரண்டும் அவ்வக் காலத்தில் அவ்வப் பட்டியலின் சாதனைகள். பாதையும் காலநிலையும் வேறாகையால் நான்கு நிமிட வேற்றுமை முழுவதையும் முன்னோடிகளின் கணக்கில் எழுதுதல் கூடாது. சிறிதும் எழுதாமல் விடுதலும் கூடாது.

இப்பொழுது முன்னோடிக்கு மனித உடலும் வேண்டியதில்லை. ஓடுபாதையின் உள்விளிம்பில் வரிசையாய்ப் பதித்த விளக்குகள், குறித்த வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து செல்கின்றன. இவை காற்றை மறைப்பதில்லை. வேகக் கவலையை மட்டும் தீர்க்கின்றன. 2020 ஓகஸ்ட் 14ஆம் நாள் மொனாக்கோவில் உகண்டாவின் ஜோசுவா செப்டெகெய் இவ்விளக்கின் துணையோடு 5000 மீற்றரை 12 நிமிடம் 35.36 செக்கனில் ஓடி, கெனெனீசா பெக்கேலே 2004இல் விளக்கின்றி ஓடி நிறுவிய 12 நிமிடம் 37.35 செக்கன் என்னும் சாதனையை முறியடித்தார். பெண்களின் மரதனுக்கு இரு பட்டியல் வகுத்த சங்கம், இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியிருக்கின்றது.