ஹைபிரிட் கார் வாங்கலாமா? ஷோரூம் கணக்கு வேறு, தோட்டக் கணக்கு வேறு!

கடையம் பக்கம் ஓர் எலுமிச்சைத் தோட்டத்துக்குச் சொறி நோய் பார்க்கப் போயிருந்தேன். இலை, காய் எல்லாவற்றையும் பார்த்து, என்ன மருந்து, எத்தனை நாள் இடைவெளி என்று சொல்லி முடித்தேன். தோட்டக்காரர் என்னை வழியனுப்ப வண்டி வரைக்கும் வந்தார். கதவைத் திறக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"சார், இன்னொரு சங்கதி. நம்ம பழைய டீசல் வண்டியக் கொடுத்துட்டு, ஹைபிரிட் எஸ்.யூ.வி எடுத்திரணும்னு பய ஒத்தக்கால்ல நிக்கான். டீசல் மிச்சத்துலயே தவணை கட்டிரலாம்ங்கான். நீங்க என்ன சொல்லுதிய?"

"ஒரு வாரம் பொறுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான் ஓடிக்கிட்டிருக்கு. கணக்குப் போட்டுட்டு வாரேன்" என்றேன்.

உரம், பூச்சி, மானியம் பற்றிக் கேட்கும் பத்திரிகையில் கார் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால், 4 ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தில் 20 லட்சம் ரூபாய் ஒரு காருக்குப் போகிறது என்றால், அது விவசாயத்தைப் பற்றிய கேள்விதான். கிணறு, மோட்டார், சொட்டுநீர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரே பையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஹைபிரிட் என்றால் என்ன?

இரட்டை மாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு பெட்ரோல் இன்ஜின். இன்னொரு மாடு மின் மோட்டார். வண்டி நகரத் தொடங்கும்போதும், மெதுவாக ஊர்ந்து போகும்போதும் மின் மோட்டார் இழுக்கும். வேகம் கூடும்போதும் மேடு ஏறும்போதும் பெட்ரோல் இன்ஜின் சேர்ந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் வீணாகிற வேகத்தை மின்சாரமாக்கி, பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். வீட்டு பிளக்கில் சொருகி சார்ஜ் போடும் வேலை இல்லை. பங்க்கில் பெட்ரோல் போட்டால் போதும்.

இது நேற்று வந்த தொழில்நுட்பம் இல்லை. ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் 1997-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தது 2022-ல். அந்த வருஷம்தான் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் வந்தன. அதே வருஷக் கடைசியில் இன்னோவா ஹைகிராஸும் அறிமுகமானது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 'மைல்டு ஹைபிரிட்', 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்று இரண்டு வகை உண்டு. மைல்டு வகையில் மின்சாரம் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை இழுக்காது. ஸ்ட்ராங் வகையில்தான் மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டும். ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்கிறார்கள். விலையிலும் மைலேஜிலும் பெரிய வித்தியாசம் உண்டு. எதற்கு விலை சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே மிச்சம், எங்கே இல்லை?

நின்று நின்று போகும் இடத்தில்தான் ஹைபிரிட் எரிபொருளை நன்றாக மிச்சப்படுத்தும். சீசன் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து குற்றாலம் போய்ப் பாருங்கள். ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால், சாரலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சாதாரண கார் நின்ற இடத்திலேயே பெட்ரோலைக் குடிக்கும். ஸ்ட்ராங் ஹைபிரிட் அந்த நேரத்தில் பெரும்பாலும் இன்ஜினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஊர்ந்து போகும்.

திருநெல்வேலி சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த அளவுக்கு மிச்சம் இருக்காது. புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் மலை ஏறும்போது இன்ஜின்தான் பாடுபடும். திரும்பி இறங்கும்போது பேட்டரி நிறையும். ஆனால், இந்த பேட்டரி சின்னது; சீக்கிரம் நிறைந்துவிடும். அதன்பிறகு மற்ற கார்களைப் போலவே இன்ஜின் பிரேக்கில்தான் இறங்க வேண்டும்.

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டிகளுக்குச் சோதனைக்கூட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். விதை பாக்கெட்டில் போட்டிருக்கும் மகசூல் மாதிரிதான் இது. நம் மண்ணில், நம் தண்ணீரில் அவ்வளவு வராது என்பது நமக்குத் தெரியும். அதனால், நான் 21 என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

தோட்டத்தில் போட்ட கணக்கு

அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனபோது மகனும் இருந்தார். திருநெல்வேலியில் வேலை, வாரக் கடைசியில் வருகிறவர். "மொதல்ல வண்டியோட பழைய சர்வீஸ் பில்ல எடுத்துட்டு வாங்க தம்பி" என்றேன். 2 வருஷத்துக்கு முந்தைய பில்லில் 58,200 கிலோமீட்டர். அன்றைக்கு மீட்டரில் 71,400. ஆக, வருஷத்துக்கு 6,600 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

பழைய டீசல் வண்டி லிட்டருக்கு 18 கொடுக்கிறது. டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், வருஷத்துக்கு சுமார் 33,700 ரூபாய். ஹைபிரிட் லிட்டருக்கு 21. பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால், வருஷத்துக்கு சுமார் 31,400 ரூபாய். மிச்சம் 2,300 ரூபாய். மாதத்துக்கு 192 ரூபாய்.

இப்போது தவணையைப் பார்ப்போம். ஸ்ட்ராங் ஹைபிரிட் எஸ்.யூ.வி, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வீட்டு வாசலுக்கு வரும்போது 20 லட்சத்தைத் தொட்டுவிடும். பழைய வண்டிக்கு 3 லட்சம் கிடைக்கும். கையிலிருந்து 5 லட்சம். மீதி 12 லட்சம் கடன். 9 சதவிகித வட்டியில் 7 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 19,300 ரூபாய். வட்டி மட்டுமே 4.2 லட்சம்.

ஒரு பக்கம் 192. மறுபக்கம் 19,300. மகன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் தெனமும் நெல்லைக்கு வந்து போனா?" என்றார். நல்ல கேள்வி. தினமும் போக வர 110 கிலோமீட்டர். 250 நாளுக்கு 27,500 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தாலும் வருஷ மிச்சம் 9,600 ரூபாய்தான்.

இவ்வளவு குறைவாக வருவதற்குக் காரணம் உண்டு. ஷோரூமில் புது ஹைபிரிட்டைப் புது பெட்ரோல் காரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். நாம் ஒப்பிட வேண்டியது, நம் கொட்டகையில் நிற்கும் வண்டியோடு. பழைய டீசல் வண்டி ஏற்கெனவே நல்ல மைலேஜ் கொடுக்கிறது. பழைய வண்டிக்கு ரிப்பேர்ச் செலவு வரும்தான். ஆனால், புது வண்டிக்கு இன்சூரன்ஸ் கூடும். முதல் சில வருஷங்களில் மதிப்பும் வேகமாக இறங்கும்.

அப்படியானால் யாருக்கு லாபம்?

எப்படியும் புது எஸ்.யூ.வி வாங்கியே தீர வேண்டும் என்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அதே மாடலில் சாதாரண பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, ஹைபிரிட் 21 என்று வைப்போம். வரியோடு சேர்த்து விலை வித்தியாசம் 3 லட்சம் என்று வைப்போம்.

* வருஷம் 9,000 கிலோமீட்டர் ஓட்டினால், மிச்சம் சுமார் 21,400 ரூபாய். போட்ட பணம் திரும்ப 14 வருஷம்.
* வருஷம் 25,000 கிலோமீட்டர் ஓட்டினால், மிச்சம் சுமார் 59,500 ரூபாய். 5 வருஷத்தில் பணம் திரும்பிவிடும்.

பாவூர்சத்திரம், ஆலங்குளம் சந்தைகளுக்கும் கேரளாவுக்கும் ஓயாமல் போய்வரும் வியாபாரிகள், தினமும் நெல்லைக்கு வேலைக்குப் போகிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம். தோட்டம், கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஓட்டுகிற நமக்கு அது பொருந்தாது.

வரியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு எஸ்.யூ.வி-களுக்கு ஜி.எஸ்.டி 40 சதவிகிதம். அதே நாளில் டிராக்டருக்கும் சொட்டுநீர்க் கருவிகளுக்கும் 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. இதற்கு மேல், தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவிகிதம்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் வீட்டில் மைலேஜ் பேச்சுக்குப் பின்னால் வேறொரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி. மாதம் ஒருமுறை நெல்லை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் கார் தாழ்வானது. உட்காரும்போதும் எழும்போதும் அம்மா வாய்விட்டு முனகுவாள். அதைப் பார்த்துத்தான் என் மகள், "பெரிய வண்டி எடுங்கப்பா" என்று தொடங்கினாள். நானும் அதற்கு மைலேஜ் என்று ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

வாங்குவதற்கு முன்னால் அம்மாவையே ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். எஸ்.யூ.வி-யில் ஒரு காலைத் தூக்கி வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். "ஏய்யா, இதுல ஏற முக்காலி வேணும் போலிருக்கே" என்றாள். எங்கள் கார் பள்ளம். இது மேடு. அவளுக்கு வேண்டியது இடுப்பு உயரத்தில் ஒரு சீட்.

இப்போது மாதம் ஒருநாள் அவளுக்குத் தோதான உயரத்தில் வாடகை கார் வைத்துக்கொள்கிறோம். ஒருமுறைக்கு 2,800 ரூபாய். வருஷத்துக்கு 33,600. இரண்டு மாதத் தவணையைவிடக் குறைவு. எங்கள் பழைய காருக்கு சஸ்பென்ஷன் மாற்றி, புது டயர் போட்டிருக்கிறேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் ஏர்பேக் குறைவு. ராத்திரியில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர்கள், பாதுகாப்புக்காக வண்டி மாற்றுகிறோம் என்றால், அது நியாயமான காரணம். அதற்கு மைலேஜ் கணக்கே தேவையில்லை. ஆனால், 6 ஏர்பேக் உள்ள வண்டி, ஹைபிரிட் விலையில் பாதிக்கும் கிடைக்கிறது.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டால்...

1. பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்களுக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்.

2. டிக்கியைத் திறந்து பாருங்கள். பேட்டரி வைப்பதால் சில மாடல்களில் பின்பக்கம் இடம் குறையும். எலுமிச்சை மூட்டை, தேங்காய் மூட்டை ஏற்ற நினைக்கிறவர்களுக்கு அது ஒத்துவராது.

3. பல மாடல்களில் பேட்டரியைக் குளிரவைக்கும் காற்றுத்துளை பின் சீட் ஓரத்தில் இருக்கும். அதைச் சாக்கு, பை வைத்து அடைக்கக் கூடாது.

4. தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்துகிறவர்கள் எலியை மறக்காதீர்கள். இன்ஜின் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் போகும் வயர்களில் உயர் மின்னழுத்தம் உண்டு. எலி கடித்தால் ஊர் மெக்கானிக்கைத் தொட விடாதீர்கள். பயிற்சி பெற்ற சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முன்பே விசாரியுங்கள்.

5. '10 வருஷமான டீசல் வண்டியைப் பிடித்துவிடுவார்கள்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அது டெல்லி வட்டாரத்துக்கான பிரச்னை. இங்கே 15 வருஷம் முடிந்ததும் ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

6. பயிர்க்கடனை எடுத்து காருக்கு முன்பணம் கட்டாதீர்கள். கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவிகித வட்டிதான். அந்தப் பணத்தைக் காரில் முடக்கிவிட்டால், சாகுபடிக்கு வெளியே கூடுதல் வட்டிக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். கையிலிருந்து போடுவதாகச் சொன்ன 5 லட்சத்தில் பயிர்க்கடனும், வீட்டம்மாவின் நகையும் இருந்தன. அந்த அம்மாள் திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் எனக்கு இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

"சித்திரையில கெணத்துல தண்ணி கீழ போயிருது சார். அதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார் மகன்.

சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவிகித மானியம் உண்டு; மற்றவர்களுக்கு 75 சதவிகிதம். சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று எடுத்துக்கொண்டு தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். விண்ணப்பம் போட்டாகிவிட்டது.

கார் ஆசை தப்பில்லை. நல்ல விலை கிடைத்து, கடன் அடைந்து, கையில் பணம் நிற்கும் ஒரு வருஷத்தில் அந்தக் குடும்பம் புது வண்டி எடுத்தால், முதல் ஆளாக நான் போய்ப் பார்ப்பேன். அதற்குமுன், நீங்கள் இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். வண்டி மீட்டரில் இருக்கும் எண்ணை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் இதே தேதியில் மறுபடியும் எழுதுங்கள். வித்தியாசத்தை 12-ஆல் பெருக்குங்கள். அந்த எண்ணோடு ஷோரூமுக்குப் போங்கள்.