பம்பளிமாஸும் தாத்தாவின் மாத்திரையும்

பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்து பாருங்கள். விளாம்பழம், பேரிக்காய் இவற்றுக்கு நடுவே பெரிய பெரிய பம்பளிமாஸ் பழங்களும் இருக்கும். வீட்டில் ஒன்றை உரித்தால் தாத்தாவுக்கும் நாலு சுளை கொடுப்போம். ஆனால், அவர் கொலஸ்ட்ராலைக் குறைக்க மாத்திரை சாப்பிடுபவரானால் சற்றுப் பொறுங்கள்!

பழத்துக்கும் மருந்துக்கும் உள்ள இந்த உறவு தற்செயலாகவே தெரிய வந்தது. கனடாவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு, ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்துடன் மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தது. மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றைப் பயன்படுத்தினார்கள். மது கலந்த சாறு குடித்தபோதும், வெறும் சாறு குடித்தபோதும் இரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. குற்றவாளி மது அன்று, சாறுதான்! இந்தச் செய்தி 1989-இல் வெளியாயிற்று. கிரேப்ஃப்ரூட் என்பது பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம்.

இது எப்படி நிகழ்கிறது? சிறுகுடலின் சுவரில் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதி உண்டு. அது வாயிற்காவலன்போல நின்று, உள்ளே வரும் மருந்தில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். இந்த இழப்பையும் கணக்கிட்டே மாத்திரையின் அளவை நிர்ணயிக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 100 பங்கு மருந்தில் 90 பங்கு சிதைந்து 10 பங்கு இரத்தத்தை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். காவலன் சற்றுத் தளர்ந்து 80 பங்கை மட்டும் சிதைத்தால்? இரத்தத்தில் சேர்வது 20 பங்கு; அதாவது இரு மடங்கு! மாத்திரை அதேதான், ஆனால் உடலுக்கு அது இரண்டு மாத்திரை.

1998-இல் வெளியான பின்லாந்துச் சோதனை ஒன்றில், இரு மடங்கு அடர்த்தியான கிரேப்ஃப்ரூட் சாற்றை நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து இரத்தத்தில் சுமார் 16 மடங்கு மிகுந்தது. சாதாரணமாக யாரும் அவ்வளவு குடிப்பதில்லை. ஆயினும் இம்மருந்து அளவு மீறினால் தசைவலி வரலாம். அரிதாகத் தசைகள் சிதைந்து சிறுநீரகமும் கெடலாம்.

"காலையில் பழம், இரவில் மாத்திரை என்றால் ஆபத்தில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் பழத்திலுள்ள ஃப்யூரனோகூமரின் என்னும் பொருள்கள் காவலனைத் தூங்க வைப்பதில்லை, செயலிழக்கவே செய்கின்றன. உடல் புதிய நொதியை உண்டாக்க ஓரிரு நாட்களோ அதற்கு மேலோ ஆகும். பம்பளிமாஸிலும் இப்பொருள்கள் உண்டு. அளவு வகைக்கு வகை மாறும்.

எல்லாக் கொலஸ்ட்ரால் மருந்துகளும் ஒன்றல்ல. அட்டோர்வாஸ்டாடினில் இவ்விளைவு குறைவு. ரோசுவாஸ்டாடின் இந்தக் காவலனை நம்பியே இல்லை. சாதாரண ஆரஞ்சுப் பழத்தைப் பற்றியும் கவலை வேண்டாம்.

ஆகவே மாணவர்களே, தாத்தாவின் மாத்திரை அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "பம்பளிமாஸ் சாப்பிடலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பழத்துக்காக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. அவர் இதயத்தைக் காப்பது அந்த மாத்திரை அல்லவா?