சம்மதம் கொடுக்குமுன் ஒருதரம் வாசியுங்கள்

கல்முனையில் முப்பது வருடங்களாகப் புடைவைக் கடை நடத்துகிறேன். வங்கிக் கடன் பத்திரம் என்றால் வரிக்கு வரி வாசித்த பிறகுதான் கையொப்பம் வைப்பேன். அப்படிப்பட்ட நான் வாசிக்காமலே சம்மதம் கொடுத்த ஒப்பந்தம் ஒன்றுண்டு. அது ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் இணையத்தளத்தில்.

நெஞ்சுவலிக்குப் பரிசோதனை செய்யப் போயிருந்தேன். "ரிப்போட்டை ஃபோனிலேயே பார்க்கலாம் ஹாஜி" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. எனக்கு மின்னஞ்சல் இல்லை. கூட வந்த கடைப் பையனின் மின்னஞ்சலைக் கொடுத்தேன். 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தையும் அவனே அழுத்தினான்.

அறிக்கை அவனுக்குத்தான் போனது. பயந்துபோய் நாலு பேரிடம் காட்டியிருக்கிறான். நான்காம் நாள் புறக்கோட்டையிலிருந்து எனக்குச் சரக்குத் தரும் முதலாளி பேசினார். "பைபாஸ் செய்யப் போறீங்களாமே ஹாஜி? இந்தமுறை காசுக்கே எடுங்களேன்." அறுபது நாள் தவணை அன்றோடு நின்றது. பைபாஸ் தேவைப்படவில்லை, மாத்திரையோடு சரியானது. ஆனால் போன தவணை திரும்பி வர எட்டு மாதம் சென்றது.

வியாபாரியின் நோய் அவனுடைய நாணயத்தையும் தொடும் என்பதை அன்று படித்துக்கொண்டேன்.

திரையில் அழுத்தியது தானே என்று இலேசாக எண்ண வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருப்பதனால் மாத்திரம் ஓர் ஒப்பந்தம் செல்லுபடியற்றதாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்க்கின்றது. கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும், பிழையான தகவலைத் திருத்தக் கேட்கவும் அது உரிமை தருகின்றது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. திகதி எதுவானாலும், நம் பொருளை நாம்தான் காக்க வேண்டும்.

ஆகவே அழுத்துமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். அறிக்கை யாருடைய இலக்கத்துக்குப் போகும்? நிலையத்துக்கு வெளியே யாருக்குக் கொடுப்பார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது? கடவுச்சொல்லைக் கல்லாப்பெட்டிச் சாவி போல வைத்திருங்கள். மின்னஞ்சல் இல்லாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை, கடதாசியில் கேட்டு வாங்குங்கள்.

நம்மில் பாமசி, ஆய்வுகூடம் நடத்துவோரும் இருக்கின்றீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. நிபந்தனைகளை நல்ல தமிழில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சிகிச்சைக்கான சம்மதத்தையும் விளம்பரம் அனுப்புவதற்கான சம்மதத்தையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். வேறொருவரின் மின்னஞ்சலைக் கொடுத்தால், "இது உங்களுடையதா?" என்று ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நோயாளியின் அறிக்கை உங்கள் கையிலுள்ள அமானிதம். அதைக் காப்பவரின் கடைக்கு வாடிக்கை தானாக வரும்.