ஊர் கட்டினார்கள்... உள்ளே போக முடியவில்லை!

பத்து வருடமாக நீங்கள் ஆசையோடு காத்திருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு வந்து விட்டது. சேர்த்து வைத்த காசையெல்லாம் கொடுத்து வாங்கி, ஓடோடி வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கிறீர்கள். 'இப்போது கூட்டம் அதிகம்; வரிசையில் நில்லுங்கள்' என்று அந்தச் சாமானே உங்களிடம் சொன்னால் எப்படி இருக்கும்?

கோபம் வரும்தானே! 2013ம் ஆண்டு மார்ச் 5ம் தேதி, அமெரிக்காவில் ஏராளமான பேருக்கு அந்தக் கோபம் வந்தது. அவர்கள் வாங்கியது, 'சிம்சிட்டி' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. விலை 60 டாலர். அந்த விளையாட்டு ஏன் ஏமாற்றியது, விளையாடியவர்கள் என்ன சொன்னார்கள், அவர்கள் சொன்னதால் என்ன நடந்தது... வாருங்கள் பார்ப்போம்!

நீங்கள்தான் மேயர்!

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே, துப்பாக்கி சுடுவதும், காரில் பறப்பதும்தான் நினைவுக்கு வரும். 'நிர்வாக விளையாட்டு' என்று இன்னொரு வகை உண்டு. ஒரு ரயில் கம்பெனி, ஒரு மிருகக்காட்சி சாலை, ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, ஒரு சொகுசுக் கப்பல் என்று எதையாவது உங்கள் கையில் கொடுத்து விடுவார்கள். கப்பல் என்றால், எத்தனை அறை வேண்டும், சமையல்காரருக்கு என்ன சம்பளம், அடுத்து எந்தத் துறைமுகம் என்பதை எல்லாம் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்கு தப்பினால் கஜானா காலி!

இந்த வகை விளையாட்டுகளுக்கு எல்லாம் மூத்த அண்ணன் என்று சிம்சிட்டியைச் சொல்லலாம். அதில் நீங்கள்தான் ஊர் மேயர். வெறும் புல்வெளியில் சாலை போட்டு, மின்சாரம் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் எல்லாம் கட்ட வேண்டும். வரியைக் கூட்டினால் மக்கள் முறைப்பார்கள். குறைத்தாலோ, ஊரை நடத்தப் பணம் இருக்காது.

குண்டு போடப் போனவர் ஊர் கட்டினார்!

இதைக் கண்டுபிடித்தவர், வில் ரைட் என்ற அமெரிக்கர். 1984ம் ஆண்டு, ஹெலிகாப்டரில் பறந்து தீவுகள் மேல் குண்டு போடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். அதற்காகத் தீவு, சாலை, தொழிற்சாலை எல்லாம் வரைய வேண்டியிருந்தது. வரைய வரைய அவருக்கே ஒரு விஷயம் புரிந்தது. குண்டு போட்டு இடிப்பதைவிட, அந்த ஊரைக் கட்டுவதுதான் அவருக்கு அதிக சந்தோஷமாக இருந்தது!

ஊர் கட்டுவதையே ஒரு விளையாட்டாக மாற்றினார். ஆனால், வெளியிடுவதற்குக் கம்பெனிகள் தயங்கின. 'இதில் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை, யார் வாங்குவார்கள்?' என்பதுதான் அவர்களின் சந்தேகம். 1987ல் ஜெப் பிரான் என்பவருடன் சேர்ந்து, 'மேக்சிஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார் வில் ரைட். 1989ல் சிம்சிட்டி வெளியானது. சக்கைப் போடு போட்டது!

அடுத்த 14 வருடங்களில் மூன்று பெரிய பாகங்கள் வந்தன. இதற்கிடையே, 1997ல் மேக்சிஸ் கம்பெனியை, 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. 2003க்குப் பிறகு, அடுத்த பெரிய பாகம் வெளிவரப் பத்து வருடம் ஆனது. அதுதான், 2013ல் வந்த சிம்சிட்டி.

முதல் நாளே ரகளை

பழைய பாகங்களை வாங்கி, வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் போதும், விளையாடலாம். புதியதோ, இன்டர்நெட் இருந்தால்தான் திறக்கும். தனியாக விளையாடினாலும் இதே கதிதான்! நீங்கள் கட்டும் ஊர் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்காது. நிறுவனத்தின் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரில்தான் இருக்கும்.

வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்தார்கள். சர்வர்கள் திணறின. 20 நிமிடம், அரை மணி நேரம் என்று காத்திருந்தும் பலருக்குக் கதவு திறக்கவில்லை. நுழைந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. பல மணி நேரம் பாடுபட்டுக் கட்டிய ஊர், மறுபடி திறந்தால் காணோம்! சுமையைக் குறைக்க, விளையாட்டில் இருந்த அதிவேக ஓட்டத்தையே நிறுவனம் சில காலம் நிறுத்தி வைத்தது. 'அமேசான்' இணையக் கடையோ, இந்த விளையாட்டின் டவுன்லோடு விற்பனையைச் சிறிது காலம் நிறுத்தியே விட்டது.

நிறுவனம் கூடுதல் சர்வர்களைப் போட்டது. வாங்கியவர்களுக்குச் சமாதானமாக, வேறொரு விளையாட்டை இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தது. சில நாட்களில் கதவு ஒழுங்காகத் திறந்தது. 'அப்பாடா' என்று உள்ளே போனவர்களுக்கு, அடுத்த ஏமாற்றம் காத்திருந்தது.

பின்தொடர்ந்து போனார்கள்!

இந்த விளையாட்டில் நடமாடும் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாகக் கவனிக்கலாம். ரசிகர்கள் சிலர் பொறுமையாக ஒரு காரியம் செய்தார்கள். ஊரில் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, காலை முதல் இரவு வரை அவர் எங்கே போகிறார் என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

அவர்கள் கண்டது என்ன தெரியுமா? அந்த ஆளுக்குச் சொந்த வீடும் இல்லை. நிரந்தர வேலையும் இல்லை! காலையில் கிளம்பி, பக்கத்தில் எந்த வேலை காலியாக இருக்கிறதோ அங்கே நுழைவார். மாலையில், பக்கத்தில் எந்த வீடு காலியாக இருக்கிறதோ அங்கே போய்ப் படுத்துக் கொள்வார். மறுநாள் வேறு வேலை, வேறு வீடு!

வண்டிகளும் அப்படித்தான். பக்கத்திலேயே அகலமான சாலை காலியாகக் கிடந்தாலும், தூரம் குறைவு என்பதற்காக எல்லா வண்டிகளும் ஒரே சந்துக்குள் புகுந்து மாட்டிக் கொண்டன. ஒரு வீட்டில் தீப்பிடித்தால், தீயணைப்பு வண்டிகள் எல்லாம் அந்த ஒரே வீட்டுக்கு ஓடின. அடுத்த தெருவில் வேறு வீடு எரிந்து கொண்டிருக்கும்!

இன்னொரு வேடிக்கையும் வெளிவந்தது. ஊரின் மக்கள்தொகை இவ்வளவு என்று திரையில் ஒரு எண் தெரியும் அல்லவா? உண்மையில் ஊருக்குள் நடமாடிய ஆட்கள் அதைவிடக் குறைவு. புரோகிராமுக்குள் தேடிப் பார்த்தபோது, அந்த எண்ணைத் தரும் கட்டளையின் பெயரே, 'ஒப்பேற்றிய மக்கள்தொகை' என்ற பொருளில் இருந்தது! ஊரின் அளவும் சின்னது. நீளம் 2 கி.மீ., அகலம் 2 கி.மீ., அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய் விடலாம்.

படம் அழகு, இசை அருமை என்று பாராட்டியவர்களும் உண்டு. ஆனால், 'எங்கள் முடிவுக்கு மதிப்பே இல்லையே! நாங்கள் சாலையைச் சரியாகப் போட்டாலும் வண்டி அதில் போகவில்லையே' என்பதுதான் பெரும்பாலோரின் குறை. நியாயமான குறைதானே? நிர்வாக விளையாட்டில், முடிவெடுப்பதுதான் விளையாட்டே. சரியான முடிவுக்குப் பலன் இல்லை என்றால், பொம்மைப் படம் பார்ப்பது போல் ஆகி விடும்.

குறை சொன்னதன் பலன்

இந்தக் குறைகள் வீண் போகவில்லை. வண்டிகள் போகும் வழியையும், தீயணைப்பு வண்டிகளின் குழப்பத்தையும் படிப்படியாகத் திருத்தினார்கள். 'முக்கியமான கணக்குகள் எல்லாம் எங்கள் சர்வரில் நடக்கின்றன. இன்டர்நெட் இல்லாமல் முடியாது' என்று முதலில் சொல்லி வந்தது நிறுவனம். ரசிகர் ஒருவர், புரோகிராமை மாற்றி, இன்டர்நெட் தொடர்பு இல்லாமலே ஊரை ஓட்டிக் காட்டி விட்டார்! ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், இன்டர்நெட் இல்லாமல் விளையாடும் வசதியை நிறுவனமே கொடுத்தது.

ஆனால், அதற்குள் ரசிகர்களின் மனம் விட்டுப் போயிருந்தது. 2015 மார்ச் 4ம் தேதி, சிம்சிட்டியை உருவாக்கிய எமரிவில் நகர அலுவலகம் மூடப்பட்டது. மூடியதற்கு இந்த ஒரு விளையாட்டு மட்டுமே காரணம் என்று சொல்லி விட முடியாது. மேக்சிஸ் என்ற பெயர் வேறு அலுவலகங்களில் தொடர்ந்தது. ஆனாலும், அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது சோகமான நாள்தான்.

அடுத்த ஆறாவது நாள்...

2015 மார்ச் 10ம் தேதி, 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்று ஒரு புதிய விளையாட்டு வெளிவந்தது. அதுவும் ஊர் கட்டும் விளையாட்டுதான். உருவாக்கியது, பின்லாந்து நாட்டின் டாம்பரே நகரில் உள்ள, 'கொலாசல் ஆர்டர்' என்ற குட்டி நிறுவனம். குழுவில் இருந்தவர்கள் சுமார் 13 பேர்தான்! தலைவர், மரீனா ஹல்லிகைனன் என்ற பெண்மணி.

ரசிகர்கள் சிம்சிட்டியில் எதற்கெல்லாம் ஏங்கினார்களோ, அதெல்லாம் இதில் இருந்தது. இன்டர்நெட் இல்லாமலே ஆடலாம். ஊரைச் சுமார் 36 சதுர கி.மீ., வரை பெரிதாக்கலாம். ரசிகர்களே புதுக் கட்டடம் வரைந்து சேர்க்கலாம். முதல் 24 மணி நேரத்திலேயே இரண்டரை லட்சம் பிரதிகள் விற்றன. ஒரு மாதத்தில் பத்து லட்சம்! அடேயப்பா!

'நல்லவர்கள் ஜெயித்தார்கள், சுபம்' என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

ஜெயித்தவருக்கும் சறுக்கியது!

2023 அக்டோபர் 24ம் தேதி, இதன் இரண்டாம் பாகம் வந்தது. நல்ல விலை உயர்ந்த கம்ப்யூட்டரிலும் தட்டுத் தடுமாறி ஓடியது. 'நாங்கள் நினைத்த வேகம் இன்னும் வரவில்லை' என்று வெளியிடும் முன்பே அவர்கள் ஒப்புக் கொண்டிருந்தார்கள்.

ஏன் தடுமாறியது? ரசிகர்கள் மறுபடி துப்பறியக் கிளம்பினார்கள். காரணங்கள் பல. அதில் ஒன்று, சிரிப்பை வரவழைக்கும். ஊரை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். மனிதர்கள் எறும்பு அளவுதான் தெரிவார்கள். ஆனால், அந்த எறும்பு மனிதர் ஒவ்வொருவருக்கும் வாய்க்குள் இருக்கும் பல் வரை நுணுக்கமாகச் செய்து வைத்திருந்தார்கள். யார் கண்ணுக்கும் தெரியாத பல்லுக்காகக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது!

2024 மார்ச்சில், கடற்கரை வீடுகள் அடங்கிய ஒரு கூடுதல் தொகுப்பைக் காசுக்கு விற்றார்கள். 'முதலில் பழையதைச் சரி செய்யாமல், புதிதாக விற்க வந்து விட்டீர்களே' என்று ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த மாதமே, கொலாசல் ஆர்டரும், வெளியீட்டாளரான, 'பாரடாக்ஸ் இன்டராக்டிவ்' நிறுவனமும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டன. தொகுப்பை எல்லாருக்கும் இலவசமாக்கி, தனியாக வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தன. 2025 நவம்பரில், இந்த விளையாட்டின் பொறுப்பு, 'ஐஸ்பிளேக் ஸ்டூடியோஸ்' என்ற வேறொரு குழுவின் கைக்குப் போகிறது என்ற அறிவிப்பும் வந்தது.

ரசிகர்களின் பேச்சைக் கேட்டு ஜெயித்தவர்களே, அடுத்த முறை அதே ரசிகர்களிடம் திட்டு வாங்கினார்கள். ஒரு முறை வாங்கிய நல்ல பெயர், அடுத்த வேலைக்கும் சேர்த்து வராது போலிருக்கிறது!

கருத்து வேறு... வசவு வேறு!

இன்னொரு விஷயமும் நடந்தது. குறை சொன்னவர்களில் சிலர், விளையாட்டை விட்டு விட்டு, அதை உருவாக்கியவர்களையே மோசமாகத் திட்டத் தொடங்கினார்கள். பேச்சு வர வர நஞ்சாகிறது என்று 2024 ஜனவரியில் ஹல்லிகைனன் வருத்தத்தோடு எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். 'இது மொக்கை' என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர், 'காலியான சாலை இருந்தும், வண்டிகள் சந்துக்குள்ளேயே போகின்றன' என்று எழுதுகிறார். யார் எழுதியதை வைத்துத் திருத்த முடியும்? இரண்டாமவர் எழுதியதைத்தானே!

ஒரு விளையாட்டோ, சினிமாவோ, கதைப் புத்தகமோ உங்களை ஏமாற்றினால், இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்:

* என்ன எதிர்பார்த்தேன்? என்ன கிடைத்தது?

* சரியாக எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது?

* நன்றாக இருந்தது என்று ஒன்றாவது சொல்ல முடியுமா?

* எதை மாற்றினால் மறுபடி விளையாடுவேன்?

காசு கொடுத்து வாங்கும் முன்பு, மற்றவர்கள் எழுதிய கருத்துகளையும் இதே போல் சலித்துப் படியுங்கள். விளம்பரத்தை மட்டும் நம்பி முதல் நாளே ஓட வேண்டாம். நான்கு நாள் பொறுத்தால் ஒன்றும் குறைந்து விடாது!

நீங்களே ஒரு கப்பல் விடுங்கள்!

வரும் ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு பெரிய தாளில் ஒரு பயணிகள் கப்பல் வரையுங்கள். கையிருப்பு 100 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். அறை, சமையலறை, நீச்சல் குளம், குடிநீர்த் தொட்டி, உயிர்காக்கும் படகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போடுங்கள். எல்லாவற்றையும் வாங்க 100 ரூபாய் போதாதபடி விலை இருக்க வேண்டும். 'புயல் வருகிறது', 'சமையல்காரருக்குக் காய்ச்சல்', 'குடிநீர் பாதி காலி' என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள். உங்கள் நண்பனையோ, தங்கையையோ கேப்டனாக்கி விளையாடச் சொல்லுங்கள்.

முடிந்ததும், எப்படி இருந்தது என்று கேளுங்கள். 'நீச்சல் குளம் வாங்கினாலும், வாங்காவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லையே' என்று தங்கை சொன்னால் கோபப்படாதீர்கள். பென்சிலை எடுத்து, அந்த இடத்தைத் திருத்துங்கள்.

கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்த நிறுவனங்களுக்குத் தாமதமாகப் புரிந்த பாடம், உங்களுக்கு ஒரே ஒரு தாளில் கிடைத்து விடும்!