கூடிக் கொட்டும் கைகள்

நகரப் பள்ளிகளும் நிறுவனங்களும் விரும்பி நடத்தும் ‘டிரம் சர்க்கிள்’, அதாவது பலர் வட்டமாக அமர்ந்து கைகளால் தோல்வாத்தியம் கொட்டும் கூட்டு வாசிப்பு, இளையோரை ஒருங்கிணைக்கும் எளிய வழியாகப் போற்றப்படுகிறது. அவ்வழியைத் திறந்துவிட்டவர்களுள் ஒருவரான பாபாதுண்டே ஒலாதுஞ்சி அதை விளையாட்டாக அல்ல, பாடமாகவே நடத்தினார்.

1927இல் நைஜீரியாவில் பிறந்து, கல்லூரிப் படிப்புக்காக அமெரிக்கா சென்ற அவர், 1960இல் வெளிவந்த ‘டிரம்ஸ் ஆஃப் பேஷன்’ இசைத்தட்டால் புகழ்பெற்ற பின், நியூயார்க்கின் ஹார்லெமில் ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம் ஒன்றை நிறுவி, கொட்டும் ஆடலும் கற்பித்தார். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன், தம் மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன், 1967 ஏப்ரலில் வாசித்ததும் அம்மையத்தில்தான்.

ஒலாதுஞ்சியின் முறையில் ஏடு தேவையில்லை. தோலின் நடுவில் உள்ளங்கை முழுதும் விழுந்தால் ‘குன்’, ‘டுன்’. விளிம்பருகே விரல்களைச் சேர்த்து அடித்தால் ‘கோ’, ‘டோ’. விரல்களைத் தளர்த்திச் சுரீரென அடித்தால் ‘பா’, ‘டா’. ஒவ்வோர் இணையிலும் முன்னது வலக்கைக்கும் பின்னது இடக்கைக்கும் உரியது. வாய் சொன்னதைக் கை வாசிக்கும் இம்முறையை, மிருதங்கச் சொற்கட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கூடி வாசிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மாலி, கினி நாடுகளின் ஜெம்பே (ஒற்றை மரக்கட்டையைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்திக் கயிற்றால் இறுக்கிய கோப்பை வடிவக் கொட்டு) குழுவில், குச்சியால் அடிக்கப்படும் ‘டுன்டுன்’ என்னும் உருளை வடிவக் கொட்டுகள் தாளத்தைத் தாங்க, துணை ஜெம்பேக்காரர்கள் சிறு அடுக்கொன்றை மாற்றாமல் திரும்பத் திரும்ப வாசிக்க, முதன்மைக் கலைஞர் மட்டுமே அதன்மேல் கற்பனையை விரிக்கிறார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பங்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் எளிது. பக்கத்தில் இருப்பவரின் அடியைக் கேட்டுக்கொண்டே தன் அடியில் நிற்பதுதான் கடினம், இளையோர் கற்க வேண்டியதும் அதுவே. இரு கைகளுக்கும் வேலை இருப்பதால் கைப்பேசி தானாகவே ஒதுங்கிவிடுவது தனி லாபம்.

இப்போதைய ஒரு மணி நேர டிரம் சர்க்கிள் நிகழ்ச்சிகளில், எப்படி அடித்தாலும் சரி என்று சொல்லிக் கொட்டைக் கையில் கொடுத்துவிடுவதால், ஓங்கி அடிப்பவன் ஒலியே எஞ்ச, கேட்கும் பழக்கம் உதிர்ந்துவிடுகிறது. பயிற்சியை வற்புறுத்தினால் கூச்சமுள்ள பிள்ளைகள் விலகிவிடுவார்கள் என்போரும் உண்டு. எனினும் கூச்சமுள்ள பிள்ளைக்குத் துணையாவது தனக்கென ஒதுக்கப்பட்ட நான்கு அடிகளே, கட்டற்ற இரைச்சல் அன்று.

ஐம்பது கொட்டுகள் வாங்கத் திட்டமிடும் பள்ளிகள், பத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தில் வாரந்தோறும் வந்து கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை ஓராண்டுக்கேனும் அமர்த்த வேண்டும்.