பாடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில், குப்பத்தை அடுத்து வருவது குடுபல்லி. பெரும்பாலான விரைவு வண்டிகள் நில்லாது கடந்து செல்லும் சிறு நிலையம் அது. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையாகிய அப்பகுதி, ஒருபுறம் தமிழ்நாட்டையும் மறுபுறம் கருநாடகத்தையும் அடுத்து நிற்கிறது. ஆதலின் அங்குள்ளோர் அலுவலகத்தில் தெலுங்கும், அடுப்பங்கரையில் தமிழும், சந்தையில் கன்னடமுமாகப் பேசுவதைக் காணலாம். நம் சங்கத்துக் குடும்பங்களுள் சில அம்மண்ணிலிருந்து புறப்பட்டு வந்தவையே.

சென்ற பொங்கலையொட்டி நாம் அவ்வூர்ப் பக்கம் போயிருந்தபோது, உறவினர் ஒருவர் இல்லத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. அவ்வீட்டுப் பெண் திருப்பதியில் இசை பயின்று பட்டம் பெற்றவள். இரவு உணவு முடிந்ததும் நான்கு தாள்களைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தாள்.

"மாமா, இசைச் சிகிச்சை மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். இத்துறையை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள். எழுதிவிட்டேன். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

அவள் தந்தையார் திண்ணையில் இருந்தபடியே, "வெளிநாட்டில் படிப்பதென்றால் நிலத்தில் ஒரு பகுதியை ஈடு வைக்க வேண்டும். பாட்டுப் பாடி நோயைத் தீர்க்கிற உத்தியோகம் ஒன்று உண்டா என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்" என்றார். அவர் குரலில் இருந்தது கேலியன்று, கவலை.

கட்டுரையைப் படித்தோம். எழுத்தில் குறையொன்றும் இல்லை. இன்ன இராகம் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும், இன்ன இராகம் உறக்கம் தரும் என்று மருந்துக் கடைப் பட்டியல்போல் அடுக்கியிருந்தாள். முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடர் தம்பியப்பனின் வயிற்று வலி நீங்க வியாழன்மீது கீர்த்தனை இயற்றினார் என்று வழிவழியாக வழங்கும் செய்தியும் அதில் இடம் பெற்றிருந்தது. காலையில் பேசுவோம் என்று சொல்லி உறங்கச் சென்றோம்.

காலையில் நாம் கண்ட காட்சி வேறு. அப்பெண்ணின் பாட்டியார் பக்கவாதத்தால் வலக்கை விழுந்து, பேச்சும் இழந்தவர். அப்பக்கத்தில் பாட்டியை 'அவ்வா' என்றே அழைப்பர். என்ன கேட்டாலும் ஒன்றிரண்டு சொற்களுக்குமேல் அவருக்கு வருவதில்லை. பேத்தி கேழ்வரகுக் கூழை ஊட்டிவிட்டு, அவர் அருகில் அமர்ந்து, திருகையில் மாவரைக்கும்போது பாடும் பழைய பாட்டொன்றைத் தொடங்கினாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். கிழவியார் மூச்சுக்கு ஏற்பத் தன் பாட்டின் நடையைக் குறைத்துக்கொண்டாள். ஓர் அடியின் ஈற்றில் வேண்டுமென்றே நிறுத்தினாள். பேச வராத அந்த நாவு, நின்ற இடத்திலிருந்து எஞ்சிய சொற்களைப் பாடி முடித்தது!

"இதை ஏனம்மா நீ எழுதவில்லை?" என்று கேட்டோம்.

"இது வீட்டில் பாடுவதுதானே, மாமா? இது இன்ன இராகம் என்றுகூடச் சொல்ல வராதே" என்றாள்.

அன்பர்களே! இத்துறையைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த விடையில் அடங்கியிருக்கிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தோர் சிலர் பழகிய பாடல்களைச் சொல்லோடு பாடவல்லவர் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. பேச்சுக்குரிய பகுதிகள் பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பக்கத்தில் இருக்க, பாட்டோ இரு பக்கங்களையும் துணைக்கு அழைக்கிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு, சொற்களை இசைபோல் நீட்டி ஒலித்துப் பேச்சை மீட்கும் ஒரு பயிற்சி முறையை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர். 2011-இல் துப்பாக்கிக் குண்டுபட்டு இடப்பக்க மூளையில் காயமுற்ற அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கேபிரியல் கிஃபர்ட்ஸ், பேச்சை மீட்ட முயற்சியில் இசைச் சிகிச்சைக்கும் பங்குண்டு. குடுபல்லிப் பெண் தன்னையறியாமல் செய்தது இவ்வகையைச் சேர்ந்ததே. மெய்யான பயிற்சிக்குக் கணக்கும் ஒழுங்கும் உண்டு. அதைக் கற்பதற்கே மேற்படிப்பு.

இது எப்போது ஒரு தொழிலாயிற்று என்பதையும் சுருங்கச் சொல்வோம். இரண்டாம் உலகப் போரில் உடலும் உள்ளமும் நொந்து திரும்பிய வீரர்களுக்கு, அமெரிக்க மருத்துவமனைகளில் இசைவாணர் சென்று பாடினர், வாசித்தனர். பலன் இருந்தது, ஆனால் நோயாளியை அறியாது பாடுவது போதாது என்பதும் விளங்கிற்று. ஆகவே 1944-இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியிலும், 1946-இல் கான்சாஸ் பல்கலைக் கழகத்திலும் படிப்புகள் தோன்றின. 1950-இல் அந்நாட்டில் தேசிய சங்கம் அமைந்தது. இங்கிலாந்தில் செல்லோ வாசிப்பில் வல்லவரான ஜூலியட் ஆல்வின் அம்மையார் 1958-இல் ஒரு சங்கத்தை நிறுவினார். 1968-இல் இலண்டன் கில்டுஹால் பள்ளியில் பயிற்சி வகுப்பையும் தொடங்கினார். இன்று அந்நாட்டில் அரசுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறாதவர் 'இசைச் சிகிச்சையாளர்' என்று தம்மை அழைத்துக்கொள்ளல் ஆகாது. எனவே, உத்தியோகம் ஒன்று உண்டா என்ற தந்தையாரின் வினாவுக்கு, உண்டு என்பதே விடை.

நம் பக்கத்திலும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, 2010-இல் இசைச் சிகிச்சைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான மையம் ஒன்று அமைந்தது. சுமதி சுந்தர் அம்மையார் அதனை வழிநடத்தியவர். மருத்துவமனைச் சூழலிலேயே முதுநிலைப் பயிற்சி அளித்தது அதன் சிறப்பு. விண்ணப்பிப்போர் அவ்வாண்டில் எந்தப் படிப்பு நடைபெறுகிறது, கட்டணம் யாது என்பவற்றை நேரில் கேட்டுத் தெளிதல் நன்று.

நிற்க, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் எவற்றை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்?

முதலாவது, இசைத் திறன். விண்ணப்பத்தோடு குரலிலோ கருவியிலோ திறனைக் காட்ட வேண்டியிருக்கும். மேல்நாட்டுக் கல்லூரிகள் பல, கிதார் அல்லது பியானோ போன்று பாட்டுக்குத் துணையாக ஒத்திசை தரும் கருவியையும் எதிர்பார்க்கின்றன. அமெரிக்காவில் குரல், பியானோ, கிதார், தாளக் கருவிகள் ஆகிய யாவற்றிலும் ஓரளவு பழக்கம் வேண்டும். நம் சங்கீதம் மட்டும் கற்றவர்கள் ஓராண்டுக்கு முன்னரே இதற்கான பயிற்சியைத் தொடங்குவது உத்தமம். ஆனால் நம்மவர்க்கு ஒரு வலிமையும் உண்டு. ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமும் பயின்றவர்க்கு அந்தந்தக் கணத்தில் இசை படைத்தல் புதிதன்று. மேடையில் அது நம் மனம்போன வழியே செல்லும். படுக்கையின் ஓரத்தில் நோயாளியின் மூச்சு வழியே செல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே இத்துறைக்கு உரியவர்.

இரண்டாவது, மக்களோடு பழகிய அனுபவம். முதியோர் இல்லத்திலோ, மாற்றுத் திறனுடைய குழந்தைகளின் பள்ளியிலோ சில மாதம் தொண்டு செய்து, நாள்தோறும் கண்டதைக் குறித்துவைத்தால், அக்குறிப்பேடு தேர்வாளர்முன் பெரிதும் கைகொடுக்கும். உளவியலின் அடிப்படைகளைப் படித்திருத்தலும் வேண்டும்.

மூன்றாவது, கட்டுரை. இராகத்தை மாத்திரைபோல் எழுதிக் கொடுக்கும் துறை அன்று இது. 2018-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, மறதி நோயுற்றோரிடம் இசைவழிச் சிகிச்சை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்றும், நினைவாற்றலை மீட்பதாகத் தெரியவில்லை என்றும் அளந்தே சொல்கிறது. தேர்வாளரும் அத்தகைய அளந்த சொல்லையே விரும்புவர். தீட்சிதர் வரலாற்றைப் பக்தியோடு போற்றுவோம். ஆனால் அதனைச் சான்றாகக் காட்டி நோய் தீரும் என்று வாக்களித்தல் தகாது.

நான்காவது, மனத்திண்மை. பிறர் துயரைத் தாங்க வல்லவரா என்பதை நேர்முகத்தில் ஆராய்வர். இங்கிலாந்தின் பல படிப்புகளில் மாணவரே தம் மனநலத்திற்காக ஓர் ஆலோசகரிடம் சென்றுவருதல் பயிற்சியின் ஒரு பகுதி.

ஐந்தாவது, கணக்கு. இங்கிலாந்தில் முதுநிலைப் பட்டத்திற்கு முழுநேரமாயின் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. அமெரிக்காவில் மருத்துவக் களத்தில் மட்டும் 1,200 மணி நேரப் பயிற்சி வேண்டும். வேறு இசைப் பட்டம் பெற்றவர்க்கு அதற்கு ஈடான பாடங்களைப் படித்து நுழையும் வழியும் உண்டு. படிப்பு அந்நாட்டுப் பதிவுக்கு ஏற்கப்பட்டதுதானா என்று உறுதி செய்யாமல் ஒரு காசும் கட்டலாகாது. நம் நாட்டு மருத்துவமனைகளிலோ இப்பணிக்கென அமைந்த இடங்கள் இன்னும் அருகியே காண்கின்றன. கடன்பட்டுப் படிப்போர் இதனை மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு இடர்ப்பாட்டோடு ஏன் இதைப் பயில வேண்டும் என்று கேட்கலாம். நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் கடல் கடந்த நாடொன்றில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மறதி நோய் முற்றியபோது, பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் அகன்றது. தமிழ் மட்டும் எஞ்சிற்று. அங்கே வாரந்தோறும் பாடகர் வருகிறார், நல்லவர். எனினும் அவர் பாடுவது அவ்வம்மையார் இளமையில் கேட்ட பாட்டன்று. மற்றவர்கள் கைதட்ட, அவர் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். பிழைப்புத் தேடி வந்த நாம் நம் முதியோரையும் உடன் அழைத்து வந்தோம்; அவர்தம் பாட்டை அறிந்தவரை அழைத்து வரவில்லை. அந்தச் சுவருக்கும் அவ்வம்மையாருக்கும் இடையே சென்று அமரக்கூடியவர் நம் வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவரே அல்லவா?

குடுபல்லிப் பெண்ணிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவ்வாவையும் திருகைப் பாட்டையும் பற்றி, எந்த அடியில் நிறுத்தினாள், எந்தச் சொல் வந்தது, எது வரவேயில்லை என்று இரண்டே பக்கத்தில் எழுதினாள். குப்பத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருத்தலின், அங்குத் தொண்டு செய்ய இசைவு கேட்பதென்றும், முதலில் புதுச்சேரிக்கு விண்ணப்பிப்பதென்றும் முடிவாயிற்று. நிலத்தை ஈடு வைக்கும் பேச்சு இப்போதைக்கு நின்றது. "அருகிலேயே படிப்பதானால் அனுப்பலாம்" என்றார் தந்தையார். விண்ணப்பம் சென்றிருக்கிறது, விடை இன்னும் வரவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இத்துறையை நாடினால், பாட்டா சோறு போடும் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாமல், மேற்சொன்ன ஐந்தையும் உடனிருந்து ஆராயுங்கள். நாடாவிடினும் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுப் பெரியோர் இளமையில் பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, கோயிற் பாட்டு இவற்றை அவர்களையே கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி, அவர் குரலையும் பதிந்து வையுங்கள். பேச்சு நின்றுபோகும் நாளில், அருகில் வந்து அமர்பவர் எவராயினும், எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தக் குறிப்பேடு அவருக்குச் சொல்லும்.