கரைமேல் ஒரு சாலை

சேத்தியாத்தோப்பைத் தாண்டிப் பூதங்குடி வந்ததும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். கும்பகோணம் போகிற பஸ் அங்கேதான் வீராணம் ஏரியின் கீழ்க்கரையில் ஏறும். வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். இடப்பக்கம் பள்ளத்தில் வாய்க்காலும் வயலும். லால்பேட்டை வரை இதே காட்சிதான்.

வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது காட்சி. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஓர் ஆடிப்பெருக்கு நாளில் இந்தக் கரையில் தொடங்குகிறது என்பதற்காகவே வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. உள்ளூர்க்காரர் கண்ணெல்லாம் எதிரே வரும் கரும்பு டிராக்டர் மேலேயே இருக்கும். ஒதுங்க இடமில்லை. சக்கரம் தார் விட்டு இறங்கினால் ஒன்று ஏரி, இல்லையென்றால் வாய்க்கால்.

ஆகவே சாலை அகலமாக வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எந்தப் பக்கம் அகலப்படுத்துவது என்பதில்தான் கவலை.

இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

ஏரிப் பக்கம் மண் கொட்டினால் தண்ணீர் நிற்கிற இடம் குறையும். ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, முழு நீர்மட்டம் 47.50 அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் காவிரி நீரோடு வண்டலும் வந்து படிகிறது. ஏரியை நம்பி 44,856 ஏக்கர் பாசனம். 2004 முதல் சுமார் 235 கி.மீ. தூரக் குழாயில் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்தே போகிறது. பங்கு கேட்பவர்கள் கூடிய ஏரியில் இடம் குறைந்தால், முதலில் காய்வது கடைமடைதான்.

வயல் பக்கம் நகர்ந்தால் வாய்க்கால், மரங்கள், கரையடி வீடுகள் எல்லாம் வழியில் நிற்கும். நீர்நிலைப் புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மேல் கத்தி. மாற்று இடம் எங்கே என்று அவர்கள் கேட்பதும் நியாயந்தான்.

இரண்டையும் விடப் பெரிய சங்கதி, தாருக்கு அடியில் இருக்கிறது. ஏரிக்கு 34 மதகுகள், பெரும்பாலானவை கீழ்க்கரையில்தான். சாலை அகலமானால் அடியில் ஓடும் மதகுக் குழாயும் நீள வேண்டும். அதில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் அந்த வாய்க்காலை நம்பிய நாற்றங்கால் கருகும்.

கரை சுமக்கும் பாரம்

907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தகச் சோழன், வீரநாராயணன் என்ற தன் பட்டப்பெயரில் எடுத்த ஏரி இது. மாட்டுவண்டிக்குப் போதுமான மண்கரைமேல் இன்று டாரஸ் லாரி ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். உபரி நீரை லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடையில் திறந்தாலே குமராட்சிப் பக்கத்து ஊர்களில் வயல் மூழ்குகிறது. கரையே நெகிழ்ந்தால்? கீழே குடியிருப்பவர்களுக்கு இது சாலையே அல்ல. ஊரைக் காக்கும் மதில்.

கரை நீர்வளத் துறையின் பொறுப்பு. மேலே போட்ட தார் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பார்க்காமல் வேலை தொடங்கிவிடக் கூடாது என்பதுதான் ஊர்க்காரர்களின் பயம்.

ஏரியைத் தின்று வளர்ந்த ஊருக்குச் சென்னையே சாட்சி. 1920களில் அங்கே நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை. அந்தச் சென்னைக்குத்தான் வீராணம் தண்ணீர் போகிறது.

நெடுந்தூர லாரிகளை விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையோடு நிறுத்திக்கொள்ளலாம். கரையில் உள்ளூர் பஸ்ஸும் சைக்கிளும் டிராக்டரும் போனால் போதும். அதற்கு உறுதியான தடுப்பு, இரவில் விளக்கு, வண்டி ஒதுங்க ஆங்காங்கே அகலம் என்று செய்தால், கரை முழுவதையும் வெட்ட வேண்டிய அவசியம் வராது.

எதைச் செய்வதானாலும், கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது முதலில் மதகுகளைப் பார்க்கட்டும், கரையைக் கெட்டிப்படுத்தட்டும். தார் டிரம் அப்புறம் வரட்டும்.